ராவு ரெண்டு மணிக்கு நெஞ்சு அடிக்குது, ஈசீஜீ நோர்மல் எண்டுறாங்க

போன கிழமை ஒரு தங்கச்சி மூண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தா. பேரும் ஊரும் வேணாம், மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில கடக்கரைப் பக்கம் எண்டு மட்டும் வச்சுக்குவம். வயசு 42, பள்ளிக்கூட ரீச்சர், புருசன் கட்டாரில, வீட்டில அம்மாவும் ரெண்டு பிள்ளைகளும். மூண்டு மாசமா, கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம், ராவு ஒண்டரை ரெண்டு மணிக்கு திடீரெண்டு முழிப்பு வருமாம், நெஞ்சு படபடவெண்டு காதுக்குள்ள கேக்கிற அளவுக்கு அடிக்குமாம், நைட்டியெல்லாம் வேர்த்துத் தோஞ்சிருக்குமாம், கை நடுங்குமாம், இண்டைக்கு செத்துப்போயிருவன் எண்ட பயம் வந்திருமாம். ஒருநாள் தாங்கேலாம ஓட்டோ பிடிச்சு ஆசுபத்திரிக்கு ஓடியிருக்கா, போய்ச் சேரக்குள்ளயே அடங்கிட்டு, ஈசீஜீ எடுத்துப் பாத்திட்டு நோர்மல், கேஸ்டிக்கா இருக்கும், கனக்க யோசிக்காதீங்க எண்டு ஒமெப்ரசோல் குடுத்து அனுப்பிட்டாங்க. மறுகா காசு கட்டி சனல் பண்ணி இன்னொரு டொக்டரிட்ட காட்டி இன்னொரு ஈசீஜீ, கொலஸ்ட்ரோல், அதுவும் நோர்மல்.

அவட அப்பா 61 வயசில நித்திரையிலயே மாரடைப்பு வந்து காலமானவர். அதால தனக்கும் அதுதான் வரப்போகுது எண்டு முடிவே கட்டிட்டா. நகைய அடகு வச்சு கொழும்புக்குப் போய் அஞ்சியோகிராம் செய்யவா, மச்சாள் தான் குடிக்கிற, நெஞ்சுத் துடிப்பக் குறைக்கிற புரொப்பிரனலோல் குளிசையில ஒரு அட்டை தந்திருக்கா, அத ராவைக்குப் போட்டுட்டுப் படுக்கவா, அம்மா நூல் கட்டக் கூப்பிடுறா, போகவா வேணாமா. இதுதான் கேள்வி மூண்டும்.

நான் அந்தக் கடிதத்த மூண்டு தரம் வாசிச்சன். ரெண்டே முக்கால் பக்கம் முழுக்க நெஞ்சு நெஞ்சு நெஞ்சுதான். கடைசிக் கால் பக்கத்தில பி.கு. மாதிரி கொஞ்ச வரி, அதுவும் சின்ன எழுத்தில: "ரெண்டு வருசமா சுகருக்கு மெட்ஃபோமினும் கிளிக்லசைட்டும் குடிக்கிறன். நாலு மாசத்துக்கு முந்தி மூண்டு மாசச் சுகர் பாத்து கூட எண்டு டொக்டர் கிளிக்லசைட்ட ராவைக்கும் ஒண்டு கூட்டினவர். நானும் பயத்தில ராவுச் சோத்த நிப்பாட்டிட்டன், ரெண்டு கிறீம் கிறேக்கரும் பிளேன்ரீயும்தான். நெஞ்சு அடிக்கக்குள்ள அம்மா சீனி போட்டு தேத்தண்ணி ஊத்தித் தருவா, குடிச்சா பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில அடங்கிரும், அதாலதான் சும்மா பயமோ எண்டும் நினைக்கிறன். மாதத்தில ரத்தம் ஒரு வருசமா கூடப் போகுது, கட்டி கட்டியா."

தங்கச்சி, நீங்க முக்கியமில்ல எண்டு நினைச்சுக் கடைசியில போட்ட அந்த வரிகளிலதான் என்ட கண் நிண்டது. உங்கட மூண்டு கேள்விக்கும் வாறன், அதுக்கு முதல் நீங்க கேக்காத ஒண்டச் சொல்லணும். உங்களுக்கு ராவில சுகர் இறங்குது எண்டுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கடிதத்த வச்சு முடிவு சொல்லேலாது, ஆனா இண்டைக்கே பாக்க வேண்டிய முதல் விசயம் இதுதான்.

கிளிக்லசைட் என்ன செய்யுதெண்டா, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையா எண்டெல்லாம் அதுக்குத் தெரியாது, கணையத்தப் பிழிஞ்சு இன்சுலின வெளிய விடும். சோறோ புட்டோ உள்ள போயிருந்தா அந்த இன்சுலினுக்கு வேலை இருக்கும். ரெண்டு கிறீம் கிறேக்கர் எந்த மூலைக்கு? பத்து மணிக்குப் படுக்கிறீங்க, நடுச்சாமம் தாண்ட சுகர் இறங்குது, மூளைக்கு சீனிதான் சாப்பாடு, அது பட்டினி எண்டவுடன உடம்பு அட்ரினலின அள்ளி விடுது, ஈரலில சேத்து வச்ச சீனிய வெளிய எடு எண்டு. நெஞ்சு அடிக்கிறதும் கை நடுங்கிறதும் அந்த அட்ரினலினாலதான், செத்துப்போவன் எண்ட அந்தப் பயத்தையும் அதுதான் கூட்டிக்கொண்டு வருது, வேர்க்கிறது மட்டும் அதோட சேந்து முழிக்கிற நரம்புகளால. ராவில வீட்டுக்குள்ள புகை எழும்பினா வாசல்ல படுத்திருக்கிற நாய் குலைக்கும்தானே, நாய் ஏன் இப்பிடிக் குலைக்குது எண்டு அதக் கொண்டுபோய் மிருக வைத்தியரிட்டக் காட்டுற மாதிரித்தான் மூண்டு மாசமா நெஞ்சத் தூக்கிக்கொண்டு அலைஞ்சிருக்கீங்க. உங்களில பிழை இல்ல, நெஞ்சு அடிச்சா ஆரும் நெஞ்சத்தான் பாப்பாங்க.

இத நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா நான் வேலைக்கு வந்த புதுசில ஒரு ஆசுபத்திரியில நாங்களே இந்தப் பிழைய விட்டிருக்கம். வயசுபோன ஒரு அம்மா, ராவில படபடப்பு எண்டு ரெண்டு தரம் வந்தா, ரெண்டு தரமும் ஈசீஜீ எடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பினம். மூண்டாம் தரம் ஒரு நேர்ஸ்தான் ஆரும் சொல்லாமலே விரல்ல குத்திப் பாத்தா, சுகர் 38 mg/dL தான், 70க்குக் கீழயே குறைவு. அண்டையில இருந்து, சுகர் குளிசை குடிக்கிற ஆள் படபடப்பு எண்டு வந்தா எனக்கு ஸ்ரெதஸ்கோப்புக்கு முதல் சுகர் மெசின்தான்.

இன்னும் ரெண்டு விசயத்த யோசிச்சுப் பாருங்க. இப்ப கச்சான் காத்துக் காலம், வேர்வைய வெக்கைக்கு வேர்க்குது எண்டுதான் எழுதியிருந்தீங்க, ஆனா வெக்கை எண்டா பக்கத்தில படுத்திருக்கிற பிள்ளைகளும் வேர்க்கணும்தானே, உங்கட நைட்டி மட்டும் ஏன் தோயுது? அடுத்தது, அந்த நாளுகளில விடிய எழும்பக்குள்ள தலையிடி, ஒரு மாதிரி மந்தம், கண்டபடி கனவு இதெல்லாம் இருந்திச்சா? இருந்தா சந்தேகம் இன்னும் கூடும். தேத்தண்ணியில அடங்கினது நல்ல துப்பு, எண்டாலும் அத மட்டும் வச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது, ஏனெண்டா பயத்தில வாற படபடப்பும் கால் மணித்தியாலத்தில தானா இறங்கும், சில நெஞ்சுத் துடிப்பு வருத்தங்களும் வந்த மாதிரியே போயிரும். அதால அந்த நேரத்திலயே அளந்து பாக்கணும், வேற வழி இல்ல.

அடுத்த தரம் முழிப்பு வரக்குள்ள

சுகர் மெசின், தண்ணிப் போத்தல், சீனி, ஒரு கொப்பி, பேனை, இவ்வளவும் கட்டில் பக்கத்தில இருக்கட்டும். மெசின் வீட்டில இல்லாட்டி ஆரிட்டையும் கேட்டு வாங்குங்க, ஆனா ஸ்ரிப்புக்கு திகதி முடிஞ்சிருக்கா எண்டு பாருங்க, நம்மட ஆக்கள் ரெண்டு வருசம் அலுமாரியில கிடந்த ஸ்ரிப்பில பாத்திட்டு மெசின் பிழை எண்டு சொல்லுறது. முழிச்சவுடன எழும்பி நடக்க வேணாம், கட்டிலில இருந்துகொண்டே விரலத் துடைச்சு சுகரப் பாருங்க. பழம் உரிச்ச கையோட பாத்தா கூட்டிக் காட்டும். 70க்குக் கீழ எண்டா அது சுகர் இறக்கம்தான், 54க்குக் கீழ எண்டா அது விளையாட்டில்ல.

அப்பிடி இறங்கியிருந்தா மூண்டு தேக்கரண்டி சீனிய தண்ணியில கரைச்சுக் குடியுங்க, அது ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிசம் பொறுத்துத் திரும்பப் பாருங்க, ஏறாட்டி திரும்பவும் அதே அளவு. ஏறினாப் பிறகு அப்பிடியே படுக்காம ஏதும் சாப்பிட்டுட்டுப் படுங்க, கிளிக்லசைட் உடம்பில கனநேரம் நிக்கிறதால சீனித்தண்ணி மட்டும் எண்டா விடியக்குள்ள திரும்ப இறங்கும். சொக்லேட் வேணாம், அதில உள்ள கொழுப்பால சீனி ரத்தத்துக்கு வரச் சுணங்கும். மெசின் கையில இல்லாட்டி அளக்கிறதுக்காகக் காத்திருக்காதீங்க, முதல்ல சீனித்தண்ணியக் குடியுங்க.

சுகர் பாத்த கையோட நாடியையும் எண்ணுங்க. பெருவிரலுக்கு நேர கீழ மணிக்கட்டில மூண்டு விரல வச்சு, 30 செக்கன் எண்ணி ரெண்டால பெருக்குங்க. எத்தின எண்டதோட எப்பிடி அடிக்குது எண்டதும் வேணும். ஒரே சீரா 110, 120 எண்டு ஓடி மெல்ல மெல்ல இறங்கினா அட்ரினலின், பயம், காய்ச்சல், ரத்தக்குறைவு இந்தப் பக்கம் பாக்கலாம். சுவிச்சப் போட்ட மாதிரிச் சட்டெண்டு தொடங்கி 150க்கு மேல ஓடி, சுவிச்ச நூத்த மாதிரியே சட்டெண்டு நிண்டு, மறுகா கனக்க சலம் போனா, அது நெஞ்சுக்குள்ள கரண்ட் ஓட்டத்தில உள்ள பிரச்சினை, எஸ்.வீ.ரீ எண்டுவாங்க. தாளம் தப்பின மேளம் மாதிரி ஒழுங்கே இல்லாம அடிச்சா அத கட்டாயம் நெஞ்சு டொக்டர் பாக்கணும், சுகர் உள்ள ஆக்களுக்கு அதால பாரிசவாதம் வாற பயமும் இருக்கு. இடைக்கிடை ஒண்டு விட்டு, அடுத்தது பலமா 'தொம்' எண்டு விழுந்தா அது பெரும்பாலும் பயமில்லாத சாதி, இடப்பக்கம் சரிஞ்சு படுத்தா இன்னும் நல்லாத் தெரியும்.

நேரம், சுகர், நாடி, ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க, என்ன குளிசை போட்டீங்க, கொப்பியில ரெண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதினாக் காணும்.

அஞ்சியோகிராம் எதுக்கு?

நகைய அடகுக் கடைக்குக் கொண்டு போகாதீங்க. அஞ்சியோகிராம் நெஞ்சுக்கு ரத்தம் கொண்டு போற குழாயில அடைப்பு இருக்கா எண்டு பாக்கிறது, துடிப்பு ஏன் கூடுது எண்டு அதில தெரியாது. குழாய் பாக்கிற டெஸ்டுக்குப் போய் கரண்ட் பிழைய விசாரிக்கிற கதைதான். நடந்தா, படி ஏறினா, முத்தம் கூட்டினா நெஞ்சு இறுக்குது, மூச்சு வாங்குது எண்டு ஒண்டும் நீங்க எழுதேல்ல. உங்கட அப்பா 61 வயசு, சுருட்டுக் குடிச்சவர், பிறஷரும் இருந்தது எண்டு நீங்களே எழுதியிருக்கீங்க, அது இந்த ராவுப் படபடப்போட வாற பரம்பரை வருத்தம் இல்ல. சுகர் இருக்கிறதால உங்கட நெஞ்சையும் கவனமாப் பாக்கத்தான் வேணும், அது வேற கதை, அதுக்கு கிளினிக்கில ஆறுதலா நேரம் இருக்கு.

குடும்பத்தில வேற ஒண்டத்தான் தேடிப் பாக்கணும். 40 வயசுக்கு முதல் ஆரும் காரணம் தெரியாமச் செத்திருக்காங்களா, விளையாடக்குள்ள விழுந்தவங்க, நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆள் வாவியில தாண்டது, சின்ன வயசில வலிப்பு எண்டு சொல்லிக் காலமானது, இப்பிடி ஆரும் இருந்தா டொக்டரிட்ட மறக்காமச் சொல்லுங்க. கரண்ட் ஓட்டத்தில பரம்பரையா வாற சில வருத்தங்கள் அப்பிடித்தான் குடும்பத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

ஈசீஜீ நோர்மல் எண்டத சிலபேர் ஒரு வருத்தமும் இல்ல எண்டு எடுக்கிறாங்க, சிலபேர் அந்த ஈசீஜீயே சும்மா எண்டுறாங்க, ரெண்டும் பிழை. அந்தக் கடதாசியில இருக்கிறது ஏறக்குறைய 10 செக்கன் துடிப்பு, ஒரு நாளுக்கு 86,400 செக்கன் இருக்கு. படபடப்பு அடங்கினாப் பிறகு எடுத்தா, அந்த நேரம் என்ன நடந்தது எண்டு அதுக்குத் தெரியாது. எண்டாலும் பிறவியில கரண்டுக்கு ஒரு மேலதிக பாதை இருக்கிறது, சில பரம்பரை வருத்தம், பழைய அட்டாக், இதெல்லாம் சும்மா இருக்கக்குள்ளயும் அதில தெரிய வரலாம், உங்களுக்கு ஒண்டும் தெரியேல்ல எண்டது ஒரு நிம்மதிதான். ரெண்டு ஈசீஜீயையும் போன்ல படம் பிடிச்சு வையுங்க, நம்மட வெயிலுக்கு அந்தக் கடதாசி மங்கிப் போயிரும்.

மச்சாள்ற குளிசை

இதில மட்டும் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுறன், அந்த அட்டைய இண்டைக்கே திருப்பிக் குடுத்திருங்க. புரொப்பிரனலோல் நல்ல மருந்துதான், உங்கட மச்சாளுக்கு. உங்களுக்கு சுகர் இறங்கிறதா இருந்தா அது நாயிட வாயக் கட்டிற வேலை, நெஞ்சு அடிக்காது, கை நடுங்காது, நீங்களும் முழிக்காம நித்திரை கொள்ளுவீங்க, சுகர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். அதோட சின்ன வயசில முட்டு, அதான் ஆஸ்மா, இருந்தது எண்டு ஒரு இடத்தில எழுதியிருக்கீங்க, முட்டு உள்ள ஆக்களுக்கு அது மூச்சையே இறுக்கிப் போடும்.

உங்கட சொந்தக் குளிசைய எண்டா நீங்களா நிப்பாட்டவும் வேணாம், ராவைக்குச் சாப்பிடாமப் போடவும் வேணாம். இண்டைக்கு ராவில இருந்தே ஒழுங்காச் சாப்பிடுங்க, ரெண்டு அகப்பை சோறு, மீன், கீரை, அல்லாட்டி இடியப்பமும் பருப்பும், அதால சுகர் மலை மாதிரி ஏறிராது. சாப்பிடேலாத ராவில கிளிக்லசைட்டத் தொடாதீங்க. சாப்பிட்டும் ஒருக்கா 70க்குக் கீழ வந்தா அடுத்த கிளினிக் திகதி வரும் எண்டு இருக்காம அடுத்த நாளே போய், ராவுக் குளிசையக் குறைக்கவா எண்டு கேளுங்க. பாவக்காய்ச் சாறு, கொவ்வை இலைச் சாறு, பரிசாரிட மருந்து எண்டு பக்கத்தில ஏதும் போகுதெண்டா அதையும் வெக்கப்படாமச் சொல்லுங்க, அதுகளும் சுகர இறக்கும், ரெண்டு பக்கத்தாலயும் இழுத்தா என்னாகும்?

ரத்தம் போறதையும் சும்மா விடாதீங்க

கட்டி கட்டியாப் போகுது எண்டா உங்களுக்கு ரத்தம் குறைஞ்சிருக்கலாம், ஹீமோகுளோபின் 12க்குக் கீழ எண்டா பொம்பிளையளுக்கு ரத்தக்குறைவுதான். ரத்தம் குறைஞ்சா நெஞ்சு கூட அடிச்சுத்தான் சமாளிக்கும், அதுவே ஒரு தனிக் காரணம். இதில இன்னொரு சிக்கலும் இருக்கு. இரும்புச்சத்துக் குறைஞ்ச ஆக்களுக்கு அந்த மூண்டு மாசச் சுகர் டெஸ்ட், எச்பீஏவன்சீ, உண்மையில இருக்கிறத விடக் கூட்டிக் காட்டலாம். அப்பிடிக் கூட்டிக் காட்டினதப் பாத்துத்தான் உங்களுக்குக் குளிசை கூடினதோ எண்டு எனக்கு ஒரு யோசினை, அது சரியோ பிழையோ, உங்கட டொக்டரிட்ட இந்தக் கேள்வியக் கேட்டுப் பாருங்க, கோவிக்க மாட்டார். கர்ப்பப்பைக் கட்டி இருக்கா எண்டு ஒரு ஸ்கேனும் வேணும், 42 வயசில இது எல்லாருக்கும் வாறதுதானே எண்டு தட்டிக் கழிக்க வேணாம். இரும்புக் குளிசை தந்தா தேத்தண்ணியோட போடாதீங்க, தேத்தண்ணி அத உடம்பில ஒட்ட விடாது.

தேத்தண்ணி எண்டவுடன ஞாபகம் வருது, நீங்க ராவைக்குக் குடிக்கிற அந்த ஒம்பது மணிப் பிளேன்ரீ. அதில உள்ள கஃபீன்ல பாதி இறங்கவே ஏறக்குறைய அஞ்சு மணித்தியாலம் போகும், ஒம்பதுக்குக் குடிச்சா ரெண்டு மணிக்கும் பாதி உள்ளுக்குள்ள கிடக்கு. பொழுதுபட்டா விட்டிருங்க.

ஆசுபத்திரியில என்ன சொல்லுறது

கிட்ட உள்ள ஆசுபத்திரியில, களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, ஓ.பீ.டீக்குக் கொப்பியோட போங்க. "எனக்கு ஹார்ட் வருத்தம்" எண்டு தொடங்காம, "சுகருக்கு கிளிக்லசைட் குடிக்கிறன், நாலு மாசத்துக்கு முந்தி கூட்டினவங்க, மூண்டு மாசமா ராவில படபடப்பும் வேர்வையும், சீனி குடிச்சா அடங்குது" எண்டு ஒரே மூச்சில சொல்லுங்க, கதையே வேற பக்கம் திரும்பும். முழு ரத்தப் பரிசோதனை, தைரொயிட்டுக்கு ரீ.எஸ்.எச், கிட்னிக்கு கிரியாட்டினின், பொட்டாசியம், இதெல்லாம் பாக்கலாமா எண்டு கேளுங்க. கிட்னி வேலை குறைஞ்சாலும் சுகர் இறங்கும், தைரொயிட் கூடினாலும் நெஞ்சு அடிக்கும்.

கொப்பியில அஞ்சாறு ராவு சுகர் நல்லா இருந்தும் நெஞ்சு அடிச்சிருந்தா, அப்ப நான் சொன்னது பிழை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருதய கிளினிக்குக்கு கடிதம் கேளுங்க. 24 மணித்தியாலம் துடிப்பப் பதியிற ஹோல்டர், நெஞ்சு ஸ்கேன் எல்லாம் அப்பதான். கிழமைக்கு ரெண்டு தரம் வாற வருத்தம் ஹோல்டர் போட்ட ராவில வராமலும் விடும், அப்பிடியெண்டா கனநாளுக்குப் பதியச் சொல்லிக் கேக்கலாம். அரசாங்க ஆசுபத்திரியில இதுக்குக் காசு இல்ல, சுணங்கும், அதுதான். குறட்டை விடுறீங்களா எண்டு பிள்ளைகளிட்டக் கேட்டு வையுங்க, நித்திரையில மூச்சு நிக்கிறவங்களுக்கும் இப்பிடி வரும். எல்லாம் பாத்தும் ஒண்டும் இல்லாட்டி அப்ப பயத்தப் பத்திக் கதைப்பம். புருசன் தூரத்தில, எல்லாப் பாரமும் உங்கட தலையில, நித்திரையிலயே வந்து எழுப்பிற பயமும் இருக்கு, அதுக்கும் நல்ல மருத்துவம் இருக்கு. ஆனா அத முதல்ல சொல்லி ஆள அனுப்பக்கூடாது.

அம்மா நூல் கட்டக் கூப்பிடுறா எண்டீங்க. போங்க, அதில எனக்கு வழக்கு இல்ல, அவ மனசு ஆறும். போகக்குள்ள ராவுச் சாப்பாட்ட விரதம் எண்டு விடச் சொன்னா மட்டும் கேக்காதீங்க.

கடைசியா, மூத்த பிள்ளைக்கு 14 வயசு எண்டீங்க, அதுக்கு இத இண்டைக்கே சொல்லிக் குடுங்க: அம்மா எழுப்பியும் எழும்பாட்டி, கதை குழறினா, வலிப்பு மாதிரி இழுத்தா, வாய்க்குள்ள தேத்தண்ணியோ சீனியோ ஊத்தக்கூடாது, புரைக்கேறி மூச்சு அடைச்சிரும். ஒருபக்கமாச் சரிச்சுப் படுக்க வச்சிட்டு 1990க்கு அடிக்கணும், அம்புலன்ஸ் இலவசம். படபடப்போட மயங்கி விழுந்தாலும், நெஞ்சு நோவு, மூச்சு முட்டு வந்தாலும் அதே நம்பர்தான். குளிசையால சுகர் இறங்கி மயங்கின ஆள் ஊசி போட்டுக் கண் முழிச்சாலும் உடன வீட்ட கூட்டி வரக்கூடாது, திரும்ப இறங்கும், ஒரு நாளாவது வார்ட்டில வச்சுப் பாக்கணும்.

ரெண்டு கிழமைக் கொப்பியையும் படம் பிடிச்சு எனக்கு அனுப்புங்க, இலக்கங்களப் பாத்திட்டு மிச்சத்த எழுதுறன்.